அக்காவின் இடது பக்கம்

நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் செட்டு ஆட்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும். நரையை மறைக்க டை வாங்குகிறோம், மாடிப்படி ஏறினால் முட்டி முணுமுணுக்கிறது. ஆனாலும் பேச்சு என்று வந்துவிட்டால் நேற்றுத்தான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் கட்டம் போட்டு ஆடியதுபோல ஆரம்பித்துவிடுகிறோம். சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் தாண்டுவோமே, அந்த ஆட்டத்துக்கு உங்கள் தெருவில் நொண்டி என்றுதானே பேர்? எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். ‘தாண்டி ஆட்டம்’ என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் அக்கா.

அக்காவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இடது கால் கொஞ்சம் சூம்பிப் போயிற்று. பெரிய ஊனம் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தால் தெரியாது, நின்றால் தெரியாது. நடந்தால் மட்டும், இடது கால் ஊன்றும்போது உடம்பு அந்தப் பக்கம் ஒரு தாழ்வு தாழ்ந்து எழும். அவளுக்கும் எனக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் எனக்கு அவள் பாதி அக்கா, பாதி அம்மா. தலை பின்னுவது, ஹோம்வொர்க் சொல்லித் தருவது, பேன் பார்ப்பது எல்லாம் அவள்தான். ஒரு நாள்கூட என்மேல் கை வைத்ததில்லை. அம்மாவின் கை நீளத்துக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் அவள்தான் தைத்தாள். மிஷின் எண்ணெய் வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு வீட்டு வாசனை. இன்றைக்கும் ஏதாவது ஒரு தையல் கடையைக் கடந்து போனால் கால் ஒரு கணம் நின்றுவிடும்.

அவளை அதற்குமுன் ஒன்பது பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண் பார்ப்பது என்றால் உங்களுக்குத் தெரியும், காபித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து முன்னறைக்கு நடந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் அது ஏழெட்டு அடி தூரம். அந்த ஏழெட்டு அடியில்தான் ஒன்பது சம்பந்தமும் போயிற்று. வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “போய் லெட்டர் போடறோம்” என்பார்கள். ஒருவரும் போடவில்லை. அப்பா வேலை பார்த்த மில் அப்போது மூடியும் மூடாமலும் கிடந்தது. அவர் தினமும் சைக்கிளில் போய் கேட்டைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் சிரிப்பு குறைந்துவிட்ட காலம் அது.

சுனாமிக்கு முந்திய ஒரு ஆனி மாசம் தரகர் ஒருவர் வந்தார். கடலூர்ப் பக்கத்து ஆள், எங்களுக்குப் புதுசு. ரெக்ஸின் பையும் சட்டைப் பையில் நாலு பேனாவுமாக இருப்பார். அவர் வந்த இரண்டு தடவையும் அக்கா மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள் கால் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை. “கேட்டா சொல்லலாம். கேக்காதத ஏன் சொல்லணும்?” என்று அம்மா அவரை முதலிலேயே அடக்கிவைத்திருந்தாள்.

தரகர் கொண்டுவந்தது சொல்தா வீட்டுச் சம்பந்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பங்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மாப்பிள்ளை பிரான்சில் வேலை. முதல் சம்சாரம் தவறிப்போய்விட்டது, பிள்ளை இல்லை. லீவில் வந்திருக்கிறார்.

“அந்தம்மாவுக்கு, அதான் மாப்பிள்ளையோட அம்மாவுக்கு, வீட்டுல வந்து பொண்ணு பாக்கறதே புடிக்காது,” என்றார் தரகர். “சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் நாடகம்ன்றாங்க. பொண்ணு வெளிய வாசல்ல சாதாரணமா எப்படி இருக்கா, சின்னவங்க பெரியவங்ககிட்ட எப்படிப் பழகறா, அதத்தான் பாக்கணுமாம். ஞாயித்துக்கெழம நீங்க குடும்பத்தோட டவுன சுத்திப் பாக்க வந்தா மாதிரி வாங்க. காலையில மணக்குள விநாயகர் கோயில். அப்புறம் பீச்சு, பார்க்கு, மியூசியம். சாயங்காலம் பொட்டானிக்கல் கார்டன். அவங்க எங்கயாவது ஒரு எடத்துல பாத்துப்பாங்க. வந்து பேச மாட்டாங்க. யாருன்னும் உங்களுக்குத் தெரியாது.”

“நாங்க அவங்கள எப்படிக் கண்டுக்கறது?” என்றார் அப்பா.

“கண்டுக்கக் கூடாது அண்ணே. அதான் விஷயமே. ஆனி முடிய பத்துப் பதினோரு நாள்தான் இருக்கு. ஆடி பொறந்தா பேச்சு நின்னுடும். ஆவணி கடைசியில மாப்பிள்ளை கிளம்பிடுவாரு. இத விட்டா அடுத்த வருஷம்தான்.”

அவர் போன பிறகு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஏழெட்டு அடிக்கே ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஊரெல்லாம் நடந்தால் என்ன ஆகும்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அக்காதான் மிஷினை விட்டுத் தலை நிமிராமல், “நான் நடக்கறேன்ப்பா,” என்றாள். பிறகு நானும் அவளும் தனியாக இருந்தபோது நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னாள்: “இதுவும் இல்லன்னா நான் என்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியல பாப்பா.” அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. பத்து வயதுக்கு நான் குள்ளம், பார்த்தால் ஏழு என்பார்கள். நான் அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் தாழும் நேரம் பார்த்து நான் குதித்துக் குதித்துக் கையைக் கீழே இழுக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, சனியன் பிடித்த தங்கச்சி அக்காவை நடக்க விடாமல் இழுக்கிறது என்று தோன்றும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. அப்பா முருங்கை மரத்தடியில் மாப்பிள்ளையின் அம்மாவாக நின்றுகொள்வார். நாங்கள் கிணற்றிலிருந்து மரம் வரை நடப்போம். “இன்னும் தெரியுது,” “நீ முந்திக்கினே,” “இப்ப பிந்திட்டே” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள் எனக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. கையை இழுப்பதைவிட, அவள் தாழும்போது நானும் அதே மாதிரி இடது காலில் தாழ்ந்துவிட்டால் நேரம் தப்பாது. இரண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி போகலாம். அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார். “இப்ப சரி! பெரியவளப் பாத்தா ஒண்ணுமே தெரியல,” என்றார். அம்மா எனக்கு ஒரு முழு முட்டை அவித்துக் கொடுத்தாள். மூன்று பேரும் அக்காவின் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்பா இன்னொரு வேலையும் செய்தார். புதுச் செருப்பு வாங்கி, இடது செருப்பில் மில் பெல்ட் துண்டை வைத்துத் தைக்கச் சொல்லி உயரம் ஏற்றினார். பழுப்பு நிறம், பக்கத்தில் பித்தளைக் கொக்கி. அதைப் போட்டால் தாழ்வு பாதியாகக் குறைந்தது. அந்தச் செருப்பு பிறகு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. பழைய பெட்டியை எல்லாம் குடைந்து பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி டவுனுக்கு வந்தோம். அக்கா கடல் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கனகாம்பரமும் மல்லிகையும் கலந்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அதற்குமுன் டவுனைச் சுற்றிப் பார்த்ததில்லை. அப்பா பீச்சுப் பக்கம் வந்ததெல்லாம் ஊர்வலத்தில் கொடி பிடித்துக்கொண்டுதான். அன்றைக்கு அவர் சுற்றுலாக்காரர்போல நடிக்க வேண்டியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மஞ்சள் சுவரையும் அண்ணாந்து பார்த்தார். பிரெஞ்சில் இருந்த தெருப் பலகைகளை உதட்டைக் குவித்துப் படித்தார். நாங்கள் சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிரித்தோம்.

கோயிலில்தான் முதல் இடி. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. கழற்றினால் பாதியும் போச்சு. இந்த எளிய விஷயம் ஒரு வாரமாக எங்கள் நால்வர் மண்டையிலும் உறைக்கவில்லை. வாசலில் யானை நின்றது, கூட்டம் நெருக்கியது. எந்தக் கண் எங்களைப் பார்க்கிறதோ தெரியாது. அம்மாதான் சட்டென்று, “என்னா கூட்டம்டி! இங்கயே கும்பிட்டுக்கலாம்,” என்று உரக்கச் சொன்னாள். தெருவில் நின்றபடியே, காலில் செருப்போடு, நான்கு பேரும் கை கூப்பினோம். அம்மா சன்னமாக, “பிள்ளையாரே, செருப்போட கும்பிடறேன். தப்புதான். அவள மட்டும் கரை ஏத்திடு,” என்று சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. குளிக்காமல் அடுப்பு மூட்டாத பொம்பளை அவள். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அங்கிருந்து பீச் ரோடு வரை நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அக்கா தாழ, நான் தாழ. எதிரே வந்த ஒவ்வொருவரையும் பார்த்து மனசுக்குள், இவர்களா, இவர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே நின்று எங்களையே பார்த்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. “அவருதான்,” என்று வாயை அசைக்காமல் சொன்னார். அக்கா உடனே நின்றுவிட்டாள். நின்றால் தெரியாதே. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஒரு சொல்தா வீட்டம்மாவிடம் அவள் பிரெஞ்சில் வணக்கம் சொல்லக் கற்றுவைத்திருந்தாள். கேமராக்காரர் நேராக எங்களிடம் வந்தார். அம்மா பின்னாலிருந்து இடிக்க, அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “பொன்ழூர்,” என்றாள்.

அவர் திகைத்துவிட்டார். “ஏனுங்க, பஸ் ஸ்டேண்டுக்கு எப்படிப் போறதுங்க? நாங்க ஈரோட்டுலருந்து வர்றோம்,” என்றார்.

இதைச் சொல்லி இன்றைக்கு நீங்களும் நானும் சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை. அக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னார்.

காந்தி சிலைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடல் பளபளவென்று கண்ணைக் குத்தியது. சிலையின் மேடையைச் சுற்றிச் சறுக்கலாக வழுவழுப்பான கல் இருக்கும். பிள்ளைகள் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து தாழ்ந்து தாழ்ந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்பாவும் அம்மாவும் தண்ணீர் வாங்க முன்னால் போயிருந்தார்கள். நான் கையை உதறிவிட்டு ஓடிவிட்டேன். யோசிக்கவே இல்லை. ஒரு சறுக்கு, இரண்டு சறுக்கு, பத்துச் சறுக்கு. கல்லின் சூடு பாவாடைக்குள் ஏறியதுகூட சுகமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அக்கா நடுச் சாலையில், நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் தெரிந்துவிடும். யார் எங்கிருந்து பார்க்கிறார்களோ? நிழல் நாலு எட்டில் இருந்தது, அதற்குக்கூட அவள் போகவில்லை. உச்சி வெயிலில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, உதட்டில் சிரிப்பை வைத்தபடி நின்றாள். அந்தச் சிரிப்பு அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து வேர்வையில் ஜாக்கெட் நனைந்திருந்தது. நான் ஓடிவந்து கையைப் பிடித்தபோது அவள் திட்டவில்லை. “போலாமா?” என்றாள், அவ்வளவுதான்.

நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். நடு ரோட்டில் மரம்போல நிற்கும் பெண்ணை யார் கட்டுவார்கள்? மனசுக்குள் பிள்ளையாரிடம் ஒரு சத்தியம் செய்துகொடுத்தேன். இனி சாயங்காலம் வரை ஒரு அடிகூட விடாமல் தாழ்ந்துதான் நடப்பேன். அக்கா கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பார்க்கில் உட்கார்ந்து எலுமிச்சஞ் சாதம் சாப்பிட்டோம். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. உட்கார்ந்திருக்கும் அக்காவைவிட அழகான பெண் புதுச்சேரியிலேயே கிடையாது, என் கண்ணுக்கு அப்படித்தான். “இங்கயே வந்து பாத்துட்டுப் போங்களேன்,” என்று அம்மா காற்றைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் தரகரின் பட்டியல் மீதி இருந்தது. மியூசியத்துக்குப் போனோம். பீரங்கி, பல்லக்கு, பழைய கட்டில் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்தோம். பாசி மணிகளும் ஓட்டுச் சில்லுகளும் வைத்து, அரிக்கமேடு என்று எழுதியிருந்தது. “நம்ம வீட்டுக்குப் பின்னாடிடா பாப்பா இது! நம்ம ஊரு மண்ணு!” என்று அப்பா முதன்முறையாக நடிக்காமல் சந்தோஷப்பட்டார். அக்கா அந்தப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மணிகளைப் பார்ப்பதாக நினைத்தேன். கால் வலி தாங்காமல்தான் ஊன்றியிருக்கிறாள். பெல்ட் துண்டு உரசிக் குதிகாலில் ரத்தம் கட்டியிருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தோம்.

பொட்டானிக்கல் கார்டனில் ஒரு மரத்தடி பெஞ்சில் அக்காவை உட்காரவைத்தோம். இனி எழுப்புவதில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். என்னைச் சுண்டல் வாங்கி வர அனுப்பினாள். தனியாகத்தான் போனேன். ஆனால் சத்தியம் சத்தியம்தானே. வழி முழுக்க இடது காலில் தாழ்ந்து தாழ்ந்தே போனேன். உடம்புக்கு அது பழகியும்விட்டது.

சுண்டல்காரரிடம் ஒரு பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். வெளுத்த முகம், சின்னக் கரைப் பட்டுப்புடவை, தோளில் கைப்பை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து என் கன்னத்தைத் தடவி, “ரொம்ப வலிக்குதாம்மா?” என்றார்.

இத்தனை நடந்ததற்கு ஒருத்தர்கூட என்னை அப்படிக் கேட்கவில்லை. “இல்ல பெரியம்மா, பழகிடுச்சு,” என்றேன். அவர் உச்சுக் கொட்டிவிட்டு, கைப்பையிலிருந்து தங்கக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தார். காகிதத்தில் இருந்த எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. தெரியாதவர்களிடம் வாங்கித் தின்றால் அம்மா தோலை உரித்துவிடுவாள். ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சுண்டலோடு தாழ்ந்து தாழ்ந்து திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் வராது, வந்தாலும் என்னால்தான் கெட்டது என்றே வரும் என்று காத்திருந்தேன். தெருவில் ரெக்ஸின் பை வைத்த யார் போனாலும் கொல்லைக்கு ஓடிவிடுவேன். தரகர் புதன்கிழமை காலையில் வந்தார். மறுநாள் ஆடி. அக்கா வழக்கம்போல மிஷினில் இருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“பொண்ண ரொம்பப் புடிச்சுப்போச்சு அண்ணே,” என்றார். “காந்தி செலகிட்ட பாத்தாங்களாம். தங்கச்சி வெளையாடி முடிக்கிற வரைக்கும் அந்த வெயில்லயும் ஆடாம அசையாம, சிரிச்ச மொகமா காத்துக்கினு நின்னாளாமே! இந்தப் பொறுமை எவளுக்கு வரும்னு அந்தம்மா உருகிப்போய்ட்டாங்க.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் கெடுக்கவில்லை!

“ஆனா நீங்க ஒண்ண மறைச்சிட்டீங்களே,” என்றார் தரகர். மிஷின் சத்தம் நின்றது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “சின்னப் பொண்ணுக்குக் கால் ஊனமாமே. செலகிட்ட புள்ளைங்க கூட்டத்துல தெரியலயாம், மத்தபடி நாள் பூரா பாத்திருக்காங்க. கார்டன்ல அந்தம்மா கிட்டயே போய் விசாரிச்சாங்களாம். வலி பழகிடுச்சுன்னு புள்ள தன் வாயாலயே சொல்லுச்சாம். தங்கச்சிக்கு இருந்தா நாளைக்கு அக்காவுக்குப் பொறக்கற புள்ளைக்கும் வராதுன்னு என்னா நிச்சயம்னு கேக்கறாங்க.”

தங்கக் காகிதம் ஞாபகம் வந்தது.

“யாருக்கு? இவளுக்கா?” அம்மா என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். “ஓடுடி! கொழா வரைக்கும் ஓடிக் காட்டு! ஓடு!”

நான் ஓடினேன். தெருமுனைக் குழாயைத் தொட்டுவிட்டு, மூச்சு இரைக்க, அம்பு மாதிரி நேராகத் திரும்பி வந்தேன். தரகர் வாய் பிளந்தார்.

“அட, நல்லாத்தான் ஓடுது! அப்புறம் ஏன் அன்னைக்கு அப்படி நடந்துச்சு?”

“வெளையாட்டுங்க,” என்றாள் அம்மா. “எந்நேரமும் தாண்டி ஆட்டம். ரோடுன்னு இல்ல, கோயிலுன்னு இல்ல.” பேசப்பேச அவள் முகத்தில் உயிர் வந்தது. அப்பாகூடச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

தரகர் பேனாவை எடுத்துக் கையில் எதையோ குறித்துக்கொண்டார். “நான் என்னமோன்னு பயந்துட்டேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன். ஆடி பொறக்கறதுக்கு முன்ன, இன்னைக்குச் சாயங்காலமே பூ வெச்சிடலாம். அவங்களுக்கு அந்த ஒரு கவலதான் அண்ணே. கால் ஊனமான வீட்டுல சம்பந்தமே வேணாம்னு அந்தம்மா கறாரா சொல்லிட்டாங்க. மத்தபடி எல்லாம் திருப்தி.”

அக்கா மிஷினிலிருந்து எழுந்து நின்றாள். மடியிலிருந்த துணி கீழே விழுந்தது.

“நீ ஒக்காரும்மா,” என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. “ஒக்காந்து தைய்யி. நாங்க பேசிக்கறோம்.”

“எத்தினி நாளைக்கும்மா ஒக்காந்தே இருக்கறது?” என்றாள் அக்கா. “அங்க போயும் ஒக்காந்தே இருக்கட்டுமா?”

அம்மா வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, கெஞ்சல். அப்பா, “வேணாம்டா, கையெடுத்துக் கும்பிடறேன்,” என்றார். அக்கா அம்மாவின் கையை மெதுவாக விலக்கினாள். செருப்பு இல்லாமல், வெறுங்காலோடு, தரகரின் முன்னாலேயே தெருவில் இறங்கிக் குழாயைப் பார்த்து நடந்தாள். இடது பக்கம் ஒரு தாழ்வு, ஒரு எழும்பல். ஒரு தாழ்வு, ஒரு எழும்பல். ஒன்றையும் அவள் மறைக்கவில்லை.

“போடி! போய்க் கையப் புடி! புடிடி!” அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அந்த நேரத்திலும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. நான் ஓடிப்போய் அக்காவின் இடது கையைப் பிடித்தேன். அவள் நிற்காமல் நடந்தாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பக்கத்தில் வந்ததுமே என் கால் தானாகத் தாழ ஆரம்பித்துவிட்டது.

அக்கா குனிந்து என் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டு அடி வந்தாள். பிறகு கையை உருவி என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

“உனக்கு என்னாடி கேடு? நேரா நட! நேரா நடடி!”

அடித்தவளே குழாய் மேடையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் என்மேல் கை வைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்று எனக்கு அது புரியவே இல்லை, அநியாயமாக அடித்துவிட்டாள் என்று நானும் கூடவே அழுதேன். இப்போது நினைத்தால் என்னிடம் யாரும் அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டதில்லை என்று தோன்றுகிறது.

வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். அவள் முன்னால் போனாள். நான் நாலு எட்டு பின்னால், ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து நேராக வைத்துப் போனேன். தரகர் போய்விட்டிருந்தார். அப்பா கொல்லைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே கிடந்த துணியை எடுத்து உதறி மிஷினில் வைத்தாள். அம்மா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசற்படியில் நின்ற என்னைத்தான் பார்த்தாள்.

“அவ கைய ஏண்டி விட்டே?” என்றாள்.